போணிக்கு இரண்டு முக்காலி

எங்கள் தெருவில் பெண்கள் செய்த வேலையெல்லாம் உட்கார்ந்து செய்கிற வேலை. கருவாடு பிரிப்பவர்கள் உட்கார்ந்து பிரிப்பார்கள். வலைக்கு ஒட்டுப் போடுபவர்கள் காலை நீட்டி உட்கார்ந்து போடுவார்கள். என் அம்மா ராயபுரம் மார்க்கெட்டில் பலகையைப் போட்டு உட்கார்ந்துதான் மீன் விற்றாள். நாள் முழுக்க நின்றுகொண்டு சம்பாதித்த முதல் பெண் எங்கள் குடும்பத்தில் நான்தான். அதற்காக யாராவது எனக்கு மாலை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. கால் வீங்கியதுதான் மிச்சம்.

ஐம்பதுகளில் நடந்த கதை இது. எனக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. ராயபுரம் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடை. முதலாளி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர், ஊரே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். அண்ணாச்சி கெட்டவர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்டவராக இருந்திருந்தால் முதல் மாதமே திட்டிவிட்டு வெளியே வந்திருப்பேன். நல்லவர்களிடம் மாட்டிக்கொள்வதுதான் பெரிய வம்பு.

அவர் ஒருநாள் மவுண்ட் ரோடு பக்கம் போய், அங்கே ஒரு பெரிய கடையில் பெண்கள் மேஜைக்குப் பின்னால் நின்று துணி காட்டுவதைப் பார்த்துவிட்டு வந்தார். வந்த கையோடு கடையை இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதி பழைய பாதி. அங்கே வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் ஆண்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, திண்டில் சாய்ந்தபடி வேட்டியும் சட்டைத்துணியும் விற்றார்கள். மறு பாதி புதுப் பாதி. இடுப்புயர மேஜை, கண்ணாடி அலமாரி, வாடிக்கையாளர் உட்கார நாற்காலி, அந்த நாற்காலிக்கு மேலே மின்விசிறி. மேஜைக்குப் பின்னால் நாங்கள் இரண்டு பெண்கள், நின்றுகொண்டு.

"பொம்பளப் பிள்ளைய கடையில சம்மணம் போட்டு உக்காந்தா பாக்க நல்லா இருக்காது தாயி. நின்னாத்தான் லெச்சணம்" என்றார் அண்ணாச்சி. எங்களைக் கடைக்கு வந்த மகாலட்சுமிகள் என்றும் வருகிறவர்களிடம் சொல்வார். கல்லாவுக்கு மேலே படத்தில் இருந்த மகாலட்சுமி தாமரையில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தாள்.

என்னை ஏன் வேலைக்கு எடுத்தார் என்று எனக்குத் தெரியும். எட்டாவது வரை படித்திருந்தேன், பில் எழுதத் தெரியும். அதைவிட முக்கியம், கடலோரத்து மீன்காரப் பெண்கள் கையில் ரொக்கம் புழங்கும். அவர்கள் ஆண்களிடம் பாவாடைத்துணி, ரவிக்கைத்துணி கேட்கக் கூச்சப்படுவார்கள், என்னிடம் கேட்பார்கள். இன்னொருத்தி வேதக்காரப் பெண், மாதா கோவில் பக்கத்துத் தெருவில் இருந்தாள். என் வயதுதான். அப்பா இல்லை. அவள் சம்பளத்தில்தான் வீடு நடந்தது. சிரித்தால் கண் இரண்டும் காணாமல் போய்விடும். முதல் நாளே இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டோம்.

என் அம்மாவுக்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது. மீன் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்: "எம் பொண்ணு மீன் நாத்தம் இல்லாத யாவாரம் பண்றா மே. ஃபேனுக்குக் கீழ நின்னுகினு பட்டு விக்கிறா." ஃபேன் வாடிக்கையாளர் தலைக்கு மேலேதான் சுற்றுகிறது, எனக்கு வேர்வைதான் என்று நான் அவளிடம் சொல்லவே இல்லை. கடையில் பெண்கள் ஒதுங்க இடம் இல்லை என்பதால் நாங்கள் இரண்டு பேரும் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டோம் என்பதையும் சொல்லவில்லை.

ஆனாலும் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. புடவையை ஒரு உதறு உதறி மேஜையில் விரிக்கும்போது எதிரே இருக்கிற பெண்ணின் முகம் மாறும். அதைப் பார்க்க எனக்கு ஆசை. எந்த நிறத்துக்கு எந்த முகம் மலரும் என்று ஒரு வாரத்தில் பிடிபட்டுவிட்டது. கால்வலியைத் தாங்கிக்கொண்டிருப்பேன். என்னை உருக்குலைத்தது வேறு ஒன்று.

போணிதான்.

கடைத்தெருவில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் போணியைப் பற்றிச் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். காலையில் கடை திறந்து, வாசல் தெளித்து, சாம்பிராணி காட்டி, கற்பூரம் ஏற்றியதும் முதலில் படி ஏறுகிற ஆள்தான் போணி. அந்த ஆள் எதையாவது வாங்கியே ஆகவேண்டும். ஒரு கைக்குட்டை வாங்கினாலும் போதும். வெறுங்கையோடு இறங்கிப் போனால் அன்றைக்கு முழுக்க வியாபாரம் படுத்துவிடும் என்று நம்பிக்கை. போணி ஆகாமல் பில் புத்தகத்தைத் திறக்கக்கூட மாட்டார்கள்.

நாங்கள் சேர்ந்த புதிதில் இரண்டு மூன்று நாள் எங்கள் பக்கம் போணி ஆகி, அன்று நல்ல வியாபாரமும் நடந்துவிட்டது. அண்ணாச்சிக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. "பொம்பளக் கை ராசியான கைல்லா! இனிமே போணி நம்ம பிள்ளைய பக்கந்தான்" என்று உத்தரவு போட்டுவிட்டார். அதிலிருந்து முதல் ஆள் யாராக இருந்தாலும் எங்கள் மேஜைக்குத்தான் அனுப்புவார்கள். வேட்டி வாங்க வந்த கிழவரைக்கூட அனுப்பினார்கள். ஒரு நாள் நான், ஒரு நாள் அவள்.

போணி ஆனால் ஒன்றும் இல்லை, வழக்கம்போல் வேலை நடக்கும். ஆகாவிட்டால்தான் தெரியும். அண்ணாச்சி திட்டமாட்டார். குரலை உயர்த்தமாட்டார். கல்லாவில் இருந்தபடி, "இன்னைக்கு யாரு கை?" என்று மட்டும் கேட்பார். மெத்தையில் இருக்கிற ஆண்கள் அத்தனை பேரும் எங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அன்று எது நடந்தாலும் அந்தக் கையின் தலையில் விழும். மழை வந்தால் அந்தக் கை. துறைமுகத்தில் வேலை நிறுத்தம் என்று ஆள் வராவிட்டால் அந்தக் கை. சாயம் போன துணியை யாராவது திருப்பிக் கொண்டுவந்தால் அதற்கும் அந்தக் கை.

ஆடி மாதத்தில் கல்யாணம் காட்சி கிடையாது, யார் துணி எடுப்பார்கள்? அந்த ஆடியில்தான் என் உடம்புக்குள் ஏதோ புகுந்தது. முதல் நாள் சாயங்காலமே வயிற்றைப் பிசையும். காலையில் சோறு தொண்டையில் இறங்காது. கடைக்கு நடந்து போகும்போது எதிரே வரும் பெண்களையெல்லாம், இவள் வாங்குவாளா, இவள் சும்மா பார்த்துவிட்டுப் போவாளா என்று எடை போட்டுக்கொண்டே போவேன். கற்பூர வாசனை வந்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். கை சில்லிட்டு நடுங்கும். அந்தக் கையோடு சிரித்த முகமாக, "வாங்கம்மா, என்ன பாக்கறீங்க?" என்று கேட்க வேண்டும். சிரிப்பதுதான் எல்லாவற்றிலும் கொடுமை.

அம்மா பார்த்தாள். "இன்னாடி, இப்டி எளைச்சிகினு போற? எதையோ கண்டு பயந்துகீற" என்று முடிவு கட்டி, தர்காவுக்கு இட்டுக்கொண்டு போய் மயிலிறகால் மந்திரித்தாள். தாயத்துக் கட்டினாள். ஆஸ்பத்திரியில் காட்டினாள். நாடி பார்த்த டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்று சொல்லிச் சிவப்பாக ஒரு டானிக் கொடுத்தார். நீ என்ன வேலை செய்கிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு மட்டும் ஒரு சந்தேகம் இருந்தது. கடைக்கு விடுமுறை நாளில் என் கை நடுங்குவதே இல்லை. வாராவாரம் லீவு எடுத்துக்கொள்கிற பேயை நான் கேள்விப்பட்டதில்லை.

அந்த மாதம் என் கையில் தொடர்ந்து போணி ஆகாமலே போயிற்று. ஒரு காலை, தாயும் மகளுமாக இரண்டு பேர் முதல் ஆளாக வந்தார்கள். மகளுக்குக் கிளிப்பச்சையில் ஒரு தாவணித்துணி வேண்டும் என்றாள் தாய். கிளிப்பச்சை எடுத்துப் போட்டேன். இன்னும் கொஞ்சம் அழுத்தமாக என்றாள். போட்டேன். கரை வேண்டாம் என்றாள். மாற்றிப் போட்டேன். மேஜை முழுக்கப் பச்சை. கடைசியில், "இன்னொரு நாள் வந்து பார்க்கிறோம்" என்று எழுந்தாள். எல்லா ஊரிலும் எல்லாப் பெண்களும் சொல்கிற வார்த்தைதான். எனக்குத் தலைக்குள் ஏதோ கிர்ரென்றது. மேஜையைத் தாண்டிக் கையை நீட்டி அந்த அம்மாளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒரு கைக்குட்டையாவது வாங்கினு போங்கம்மா" என்றேன். அவள் கையை இழுத்தாள். நான் விடவில்லை. "ஒண்ணே ஒண்ணும்மா. போகாதீங்கம்மா" என்று அழுதேன். சத்தம் போட்டு அழுதேன். அந்தச் சின்னப் பெண் பயந்துபோய் அதுவும் அழுதது. கடைசியில் என் தோழிதான் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். வாசலில் கூட்டம் கூடிவிட்டது.

அண்ணாச்சி அப்போதும் திட்டவில்லை. "வீட்டுக்குப் போம்மா. நல்லா ரெஸ்ட் எடு. ஒடம்பு சரியான பொறவு நானே சொல்லி அனுப்புதேன்" என்றார். சொல்லி அனுப்புகிறேன் என்றால் கடைத்தெருவில் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். கடை வாசலில் இருந்து எங்கள் தெரு முனை வரை வருவதற்குள், "கீழ்ப்பாக்கம் பைத்தியக்கார ஆஸ்பத்திரி கேஸு" என்கிற பேச்சு எனக்கு முன்னால் ஓடிப்போய்விட்டது.

வீட்டில் படுத்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். தலை வாரவில்லை, குளிக்கவில்லை. கை நடுக்கம் சில நாளில் நின்றுவிட்டது. ஆனால் அதைவிட மோசமாக ஒரு வெட்கம் வந்து மார்பின் மேல் உட்கார்ந்துகொண்டது. எனக்கு ஒரே ஒரு காரியம் நன்றாக வந்தது. அதையும் செய்ய லாயக்கில்லாதவள், அதற்கு மேல் பைத்தியம் என்றும் பேராகிவிட்டது. செத்துப்போகலாமா என்றுகூட நினைத்தேன். அதை இன்று வெட்கமில்லாமல் சொல்கிறேன், நினைத்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால்.

அம்மாவுக்கு இந்த மாதிரி விஷயத்துக்கெல்லாம் பொறுமை கிடையாது. ஒருநாள், "வூட்ல குந்திகினு ஓட்டை எண்ணாத. வந்து கூடைய புடி" என்று மார்க்கெட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே அவள் பக்கத்தில் ஒரு சாக்கைப் போட்டு உட்கார்ந்தேன். அவளுக்கும் போணி உண்டு. முதல் காசைக் கண்ணில் ஒற்றி மடியில் போடுவாள். சின்ன வயதிலிருந்து பார்ப்பதுதான். அன்று முதல் முறையாகப் பார்ப்பது மாதிரி பார்த்தேன். ரயில்வே குவார்ட்டர்ஸில் சமையல் வேலை செய்கிற ஒரு அம்மாள் முதலில் வந்தாள். செவுளைத் தூக்கிப் பார்த்தாள், வயிற்றை அமுக்கிப் பார்த்தாள், விலையில் பாதி கேட்டாள். என் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"போணி நேரத்துல வந்து கய்த்த நெரிக்கிறியே, நீ நல்லா இருப்பியா?"

"போணி நேரம்னுதான் ஓடி வந்தேன். குடுக்கறியா, போகட்டா?" என்று அந்த அம்மாள் ஒரு கால் எடுத்து வைத்தாள்.

அம்மா கொடுத்தாள். பத்துப் பேரைப் பேச்சில் மடக்குகிற என் அம்மா அந்த ஒரு ஆளிடம் மட்டும் வாலைச் சுருட்டிக்கொண்டு கொடுத்தாள்.

இன்னொரு நாள் முதலில் வந்தவள் எல்லா மீனையும் கிளறிவிட்டு மூக்கைச் சுளித்துக்கொண்டு போய்விட்டாள். எனக்கு நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது. அம்மா அவள் முதுகுக்குப் பின்னால், "போ மே போ, உன் கொழம்புல உப்பு ஏறாமப் போவ!" என்று மார்க்கெட் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள். சுற்றி இருந்த பெண்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்து, வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள். மத்தியானத்துக்குள் கூடை காலி.

"போணி போச்சேம்மா. ஒண்ணும் ஆவலியா?" என்று கேட்டேன்.

"இன்னா ஆவும்? ரெண்டாவது ஆளு வருவா" என்றாள், தராசைக் கழுவிக்கொண்டே.

எனக்குக் கோபம்தான் வந்தது. அம்மா மேல் இல்லை. போணி அவளுக்கும் போகிறது, எனக்கும் போகிறது. அவள் உட்கார்ந்திருக்கிறாள், வேண்டியமட்டும் கத்துகிறாள், அப்புறம் மறந்துவிடுகிறாள். நான் நின்றுகொண்டு, சிரித்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் வயிற்றுக்குள் தள்ளியிருக்கிறேன். அது அங்கே கிடந்து அழுகியிருக்கிறது. பேயும் இல்லை, பிசாசும் இல்லை. எனக்குப் பைத்தியமும் இல்லை.

அந்த வாரமே என் தோழி கடை விடுமுறையன்று வீட்டுக்கு வந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்துப்போயிருந்தது. காப்பித் தம்ளரை வாங்கியவள் கையில் அது தளும்பியது.

"இப்ப தெனம் என் கைதான்டி. நீ இல்லல்ல. நேத்து மாதா கிட்ட முட்டி போட்டு வேண்டிகினே, நாளைக்கு யார்னா ஒரு ரவிக்கத்துணி வாங்கணும்னு. மாதாவுக்கு இதான் வேலையா, சொல்லு" என்றாள். சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. அவள் வேலையை விட்டுவிட்டால் அவள் வீட்டில் உலை கொதிக்காது. இருந்தால் அடுத்த ஆடிக்குள் அவளும் யாராவது ஒருத்தியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அழுவாள். அது எனக்குத் தெள்ளத் தெளிவாகத் தெரிந்தது.

அன்று மாலை நான் தலைக்குக் குளித்தேன். மறுநாள் காலை அம்மா கூடையைத் தூக்கும்போது, "நீ போ. நான் கடைக்குப் போவணும்" என்றேன். "சொல்லி அனுப்ச்சாரா?" என்றாள். "நான் சொல்லப் போறேன்" என்றேன்.

ஆவணி பிறந்திருந்தது. நல்ல புடவை கட்டிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு, கடைக்கு எதிரே சோடாக் கடை ஓரமாக நின்றேன். வாசல் தெளித்தார்கள். சாம்பிராணிப் புகை வந்தது. திருவொற்றியூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணத்துக்குத் துணி எடுக்க வந்த கூட்டம் போல, ஏழெட்டுப் பேர் ஒரு மாட்டு வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். கற்பூரம் ஏற்றி மணி அடித்த அந்த நொடியில் நான் தெருவைக் கடந்து, அவர்களுக்கு முன்னால் படி ஏறினேன். நேராகப் போய் வாடிக்கையாளர் நாற்காலியில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தேன். அப்பாடா, என்ன காற்று!

மெத்தையில் இருந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். அண்ணாச்சி கற்பூரத் தட்டோடு வந்தார்.

"என்னம்மா, ஒடம்பு தேவலையா? அப்புறமா வாயேன். இது போணி நேரம்."

"தெரியும் அண்ணாச்சி. போணி பண்ணத்தான் வந்துகீறேன்."

அவர் தட்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். முதல் ஆளை வெளியே போ என்று சொல்ல எந்தக் கடைக்காரருக்கும் நாக்கு எழாது. அவருக்கும் எழவில்லை. கல்யாணக்காரர்கள் அதற்குள் உள்ளே வந்து, போணி ஆகட்டும் என்று மரியாதையாக ஒதுங்கி நின்றார்கள். பில் புத்தகம் மூடிக் கிடந்தது.

மேஜைக்குப் பின்னால் என் தோழி நின்றாள். அன்றும் அவள் கைதான். முகம் வெளிறிப்போயிருந்தது. நான் அவளைப் பார்த்து, "ரவிக்கத்துணி காட்டுங்க" என்றேன், முன்பின் பார்க்காதவளிடம் சொல்வது போல. அவள் எடுத்துப் போட்டாள். வேறு நிறம் கேட்டேன். போட்டாள். மேல் தட்டில் இருப்பதைக் கேட்டேன். மூன்றாவது கட்டு இறங்கும்போது அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கண் இரண்டும் சுருங்கிக் காணாமல் போக ஆரம்பித்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு, "இது புது மாதிரிங்க, கை வெச்சிப் பாருங்க" என்று இழுத்துப் பேசினாள்.

கடைசியில் ஊதாவில் ஒரு துணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"இத எடுத்துக்கறேன் அண்ணாச்சி. ஆனா பேரம் கீது."

"ஒனக்கு என்ன பேரம்மா? கொறச்சுப் போட்டுத் தாரேன், எடுத்துட்டுப் போ."

"காசு கொறைக்க வேணாம். முழுசா குடுக்கறேன். மேஜைக்குப் பின்னால ரெண்டு முக்காலி போடணும். ஆளுக்கு ஒண்ணு. ஆள் இல்லாதப்போ நாங்க குந்திக்குவோம்."

அண்ணாச்சி கற்பூரத் தட்டை மேஜையில் வைத்தார்.

"இன்னொண்ணு" என்றேன். "போணி போச்சின்னா யாரு கைன்னு கேக்கக் கூடாது. நீங்க அப்டி கேட்டுத்தான் அண்ணாச்சி எனக்கு ஒடம்பு கெட்டுது. ராவெல்லாம் தூக்கம் இல்ல. சோறு எறங்கல. ஊர்ல என்னைப் பைத்தியம்னு சொல்றாங்க. எனக்குப் பேயும் புடிக்கல, பைத்தியமும் புடிக்கல. உங்க போணிதான் புடிச்சிது. இதோ இவளுக்கும் புடிச்சிகினு கீது, கையப் பாருங்க."

தோழி கையை மேஜையில் வைத்தாள். மறைக்கவில்லை. அது நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. அண்ணாச்சி அதைப் பார்த்தார். அத்தனை மாதமாக அந்தக் கையை ராசியா இல்லையா என்று பார்த்தவர், அன்றுதான் கையாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். கல்யாணக் கூட்டத்தில் இருந்த மூத்த அம்மாள் ஒருத்தி, "நின்னுக்கிட்டேவா இருக்காங்க பொண்ணுங்க?" என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டது எல்லோர் காதிலும் விழுந்தது.

"நீ என்னம்மா, கடைக்காரன் கழுத்துல கத்திய வச்சுக் கேக்க?" என்றார் அண்ணாச்சி.

"போணி நேரம் அண்ணாச்சி. முடியாதுன்னா சொல்லுங்க, எழுந்து போறேன்" என்று நாற்காலியின் கையைப் பிடித்து ஒரு அரை அடி எழுந்தேன்.

அந்த அரை அடியில் அவர் முகம் போன போக்கு இருக்கிறதே! கண் வாசலுக்கும் கல்லாவுக்கும் கல்யாணக் கூட்டத்துக்கும் ஓடியது. எனக்கு உள்ளுக்குள் நெஞ்சு படபடத்தது நிஜம். ஆனால் அது பழைய படபடப்பு இல்லை. சண்டையில் ஜெயிக்கப் போகிறவளுக்கு வருகிற படபடப்பு.

"உக்காரு, உக்காரு" என்று பதறினார். பிறகு மெத்தைப் பக்கம் திரும்பி, "ஏல, என்ன வேடிக்க பாக்கிய? குடோன்ல கெடக்கிற முக்காலிய எடுத்துட்டு வாங்கலே!" என்று கத்தினார். என்னிடம் காட்டாத கோபத்தையெல்லாம் அவர்களிடம் காட்டினார். எத்தனையோ நாள் எங்களைத் திரும்பிப் பார்த்தவர்கள் இரண்டு பேர், ஆளுக்கொரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு, தூசி தட்டிக்கொண்டு வந்தார்கள். ஒன்றில் ஒரு கால் தளர்ந்து ஆடியது. ஆடட்டும் என்று விட்டுவிட்டேன்.

முக்காலி இரண்டும் மேஜைக்குப் பின்னால் போய்ச் சேர்ந்த பிறகுதான் காசை எடுத்துக் கொடுத்தேன். அண்ணாச்சி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பில் புத்தகம் திறந்தது. நான் எழுந்தேன், மேஜையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். வா என்றும் அவர் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. ஆடுகிற முக்காலியில் உட்கார்ந்து, "வாங்கம்மா, கல்யாணப் பொண்ணு யாரு? மொதல்ல அவங்கள முன்னால வுடுங்க" என்றேன்.

அன்று மாலை வரை அந்தக் கூட்டத்துக்குத் துணி காட்டினோம். புடவை விரிக்கும்போது எழுந்து நிற்போம், அவர்கள் பேசி முடிவு செய்யும்போது உட்கார்ந்துகொள்வோம். வாடிக்கையாளர் யாரும் மயக்கம் போட்டு விழவில்லை. கடையின் லட்சணமும் குறையவில்லை. ஒதுங்க இடம் வேண்டும் என்று அடுத்த வருடம் வேறொரு சண்டை போட்டு வாங்கினேன். அது தனிக் கதை.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிட்டது என்று நான் கதை விடமாட்டேன். கற்பூர வாசனை வந்தால் வயிறு கலங்குவது கார்த்திகை வரை இருந்தது. சில காலைகளில் எழுந்திருக்கவே பிடிக்காது. அன்றைக்கெல்லாம் தோழி வீடு வரைக்கும் வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள். அவளுக்கு முடியாத நாளில் நான் இழுத்துக்கொண்டு போவேன். அண்ணாச்சியும் வாக்குத் தவறவில்லை. போணி போன நாளில் தொண்டை வரைக்கும் வந்த கேள்வியை இருமலாக மாற்றிக்கொள்ளக் கற்றுக்கொண்டார். மனிதர் அந்தக் குளிர்காலம் முழுக்க நிறைய இருமினார்.

மார்கழியில் ஒரு காலை. முதல் ஆளாக ஒரு அம்மாள் வந்தாள். வந்து உட்கார்ந்து, அலமாரியில் பாதியை இறக்க வைத்தாள். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், முந்தானையைத் தோளில் போட்டுப் பார்த்தாள், தன் மருமகளைப் பற்றி நிறையக் குறை சொன்னாள். பிறகு, "ஒண்ணும் மனசுக்குப் பிடிக்கலை" என்று எழுந்து போய்விட்டாள். நான் போய் வாருங்கள் என்று சொல்லிவிட்டு, மலையாகக் கிடந்த புடவைகளுக்கு முன்னால் முக்காலியில் உட்கார்ந்தேன். நெஞ்சு அடிக்கப் போகிறது என்று காத்திருந்தேன். அடிக்கவில்லை. தோழி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். கல்லாவிலிருந்து அண்ணாச்சியின் இருமல் கேட்டது. அவ்வளவுதான், எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. புடவையால் வாயைப் பொத்தினோம், மேஜைக்குக் கீழே தலையைக் குனிந்துகொண்டோம், ஆடுகிற முக்காலி என்னைக் கீழே தள்ளிவிட்டது, தரையில் கிடந்தபடியும் சிரித்தேன். போணி போன கடையில் பெண்கள் அப்படிச் சிரித்தது அந்தத் தெருவிலேயே அதுதான் முதல் தடவையாக இருக்கும்.